முதல் நாளே ஆறு மாச பி.டி. (பர்சனல் ட்ரெய்னிங், அதாவது தனி மாஸ்டர் வச்சுப் பயிற்சி) பணத்தைக் கட்டிடாதீங்க

நேத்து சாயங்காலம் ஜிம்ல புதுசா சேர்ந்த காலேஜ் பையன் ஒருத்தன் "அண்ணா, ஆறு மாசத்துக்கு பி.டி. போட்டுட்டேன், மொத்தமா கட்டுனா டிஸ்கவுண்ட்னாங்க"ன்னு சந்தோஷமா வந்து சொன்னான். எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒம்போது வருஷம் முன்னாடி நான் பண்ணதும் இதேதான். அதனால வார்ம் அப் பண்ணுங்க, தண்ணி குடிங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதை விட்டுட்டு விஷயத்துக்கு வரேன்.

மொத்தமா பி.டி. பணம் கட்டுறது

நான் கட்டுனது 36,000. ரெண்டாவது மாசமே அந்த மாஸ்டர் வேலையை விட்டுப் போயிட்டார், அவருக்குப் பதிலா வந்தவருக்கு என் வலது முட்டில பழைய அடி இருக்கறது தெரியாது, அவரும் கேக்கலை, மூணாவது நாளே லெக் பிரஸ்ல (காலால வெயிட்டைத் தள்ளுற மெஷின்) ப்ளேட்டா ஏத்திவிட்டார், முட்டி வீங்கி ஆறு வாரம் மாடிப்படி ஏற முடியல. பணத்தைத் திருப்பிக் கேட்டா ரசீதுக்குப் பின்னாடி 'கட்டுன பணம் திரும்பக் கிடைக்காது'ன்னு அச்சடிச்சிருந்த வரியைக் காட்டுனாங்க.

பணத்தை விட எனக்கு இன்னும் ஆறாதது என்னன்னா, அத்தனை மாசம் நான் எவ்வளவு வெயிட் தூக்குனேன்னு யாருமே எழுதி வைக்கலை. தினம் ஒரு புது எக்சர்சைஸ், வேர்த்து ஊத்தும், நல்லா பண்ண மாதிரி இருக்கும். ஆனா போன வாரத்தை விட கொஞ்சம் கூடத் தூக்கினாதான் உடம்புக்கு வளர வேண்டிய தேவையே வருது. ஒலிம்பிக் பார், அதாவது ப்ளேட் மாட்டுற நீளக் கம்பி, வெறும் கம்பியே 20 கிலோ. அதைத் தோள்ல வச்சு உக்காந்து எழுந்திரிக்கற ஸ்குவாட்ல 3 செட், 8 ரெப்ஸ் (ஒரு மூச்சா 8 தடவை பண்ணி ரெஸ்ட் எடுத்தா அது ஒரு செட்) ஆரம்பிச்சு, மூணு செட்லயும் ஒழுங்கா 10 தடவை வந்ததும் ஒவ்வொரு பக்கமும் 1.25 கிலோ போடுங்க. இதை நோட்டுல எழுதலைன்னா அடுத்த வாரம் ஞாபகம் இருக்காது.

பி.டி. வேணும்னா முதல்ல ஒரு வாரம் சும்மா போய் கவனிங்க. ஆள் ஸ்குவாட் அடிக்கும்போது மாஸ்டர் கண்ணு போன்ல இருக்கா, முட்டில இருக்கா? நோட்டு வச்சிருக்காரா? பழைய அடி, ஆபரேஷன், பிரஷர், சுகர் பத்தி கேக்குறாரா? சரின்னு பட்டா மாசாமாசம் கட்டுங்க, டிஸ்கவுண்ட் போனா போகட்டும்.

பக்கத்துல இருக்கறவரைப் பாத்து வெயிட் ஏத்துறது

வேண்டாம்.

முதல் வாரமே பவுடர் டப்பா வாங்குறது

வெயிட் ட்ரெய்னிங் பண்றவங்களுக்கு உடம்பு எடை கிலோவுக்கு 1.6 கிராம் ப்ரோட்டீன் போதும், 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். முட்டை ஒன்னுல 6 கிராம், காஞ்ச மீல் மேக்கர் 50 கிராம்ல 25 கிராம் வந்துடும், அது போக பருப்பு, தயிர், சிக்கன் இருக்கு. ரெண்டு மாசம் ஒழுங்கா சாப்பிட்டுப் பாத்தும் பத்தலைன்னா அப்போ வாங்கிக்கலாம்.

வலிச்சாதான் வேலை செஞ்சதுன்னு நினைக்கறது

புதுசா சேர்ந்தா மறுநாள்ல இருந்து ரெண்டு மூணு நாள் சதை வலிக்கும், அது தானா போயிடும். மூட்டுல சுருக்குன்னு குத்துனா அந்த செட்டை அங்கயே நிறுத்துங்க. கை கால் வீங்கி, தாங்க முடியாம வலிச்சு, யூரின் கட்டங்காப்பி கலர்ல போச்சுன்னா சதை சிதைஞ்சு கிட்னியைப் பாதிக்கற நிலைமையா இருக்கலாம், மாஸ்டருக்கு போன் போட்டுக் கேட்டுட்டு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.