மூளை அனியூரிசம் சிகிச்சைக்குப் பின் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பயணம்

அனியூரிசத்துக்கு, அதாவது மூளை ரத்தக்குழாயில் உண்டாகும் வீக்கத்துக்கு, மண்டையோட்டைத் திறந்து கிளிப் பொருத்தியோ, தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய உலோகச் சுருளை (காயில்) வைத்தோ சிகிச்சை பெற்றவர், பயணத்துக்கு மருத்துவர் ஒப்புதல் தந்த பிறகும், ஊரில் முதல் சில நாள்களுக்கு எந்த நிகழ்ச்சியும் வைத்துக்கொள்ள வேண்டாம். பெங்களூரு விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், வெளிநாட்டிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வருவோர் மாநகரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நள்ளிரவில் இறங்கினால் அங்கேயே தூங்கி எழுந்து புறப்படுங்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். வலிப்பு மாத்திரையை நேர வித்தியாசத்தில் தவறவிடவும் கூடாது.

உண்மையில் பயணத்தைவிட உறவினர் வீடுகளே அதிகம் களைப்பூட்டும். தழும்பு முடிக்குள் மறைந்திருக்க, "நல்லாத்தானே இருக்கீங்க மாமா, கெடா வெட்டுக்கு வாங்க" என்பார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தாலே தலை கனத்து, பேச வந்த சொல் மறந்துபோகும். மதிய ஓய்வு கட்டாயம் என்பதை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வருவோருக்கு அவர் பதில் சொல்லிக்கொள்வார்.

ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாத்திரைகளைப் பல் பிடுங்குவதற்காகக்கூடத் தாமாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்டில் ரத்தம் உறைந்துவிடலாம். மெடிக்கலில் உடம்புவலிக்குக் கேட்டால் டைக்ளோஃபெனாக் கலந்த மாத்திரையை எளிதில் தந்துவிடுவார்கள். இவற்றோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம் என்பதால் பாராசிட்டமால் மட்டும் வாங்குங்கள். காய்ச்சல் வந்தால் டெங்கு பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். டெங்குவில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும் நேரத்தில் இம்மாத்திரைகள் ரத்தப்போக்கைக் கூட்டும்.

ஒகேனக்கல் போகலாம். ஆனால் அங்கே எண்ணெய் தேய்ப்பவர்கள் உச்சந்தலையில் தட்டி, கழுத்தைத் திருகிச் சொடக்கெடுப்பதும் உண்டு. மண்டையோட்டைத் திறந்து அறுவை செய்துகொண்டவர் அதைத் தவிர்த்தே ஆக வேண்டும். ஈரப் பாறையில் வழுக்கி விழுவது எல்லோருக்கும் ஆபத்து. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுவோருக்கு இருமடங்கு கவலை.

திடீரென்று தாங்க முடியாத தலைவலி, முகம் கோணல், பேச்சுக் குழறல் வந்தால் 108-ஐ அழையுங்கள். மேல்சிகிச்சைக்குத் தருமபுரியிலிருந்து சேலம் பக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு செல்லும் ஒசூர் சாலையிலேயே மூளை, நரம்பு நோய்களுக்கான நிமான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கிளிப்பின் வகையைக் கேட்பார்கள். கிளிப் வகை குறித்த அட்டையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் படம்பிடித்து, உடன் வருபவரின் கைபேசியிலும் வைத்திருங்கள்.