மின்சார மீற்றர் மாற்ற ஆள் வந்தால் போனைக் கையில் எடுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மின்சார மீற்றரை மாற்ற வந்தவர்கள் பத்தே நிமிடத்தில் பழையதைக் கழற்றிக் கொண்டு போய்விட்டார்கள். அடுத்த பில்லில் அலகுகள் எக்கச்சக்கம். பழைய மீற்றரின் கடைசி வாசிப்பு என்னிடம் இல்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் வந்தவரின் அடையாள அட்டையைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். கழற்றுவதற்கு முன் பழைய மீற்றரைப் படம் எடுங்கள். எண்களும் தொடர் இலக்கமும் தெளிவாகத் தெரிய வேண்டும். அப்புறம் புதியதையும் அதே மாதிரி. அவர்கள் எழுதும் தாளிலும் அதே எண்தானா என்று பார்த்த பிறகே கையெழுத்து.

அடுத்த பில் எத்தனை நாட்களுக்கானது என்றும் பாருங்கள். நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதத்துக்கு 60 அலகைத் தாண்டினாலே விலை மாறிவிடும். தவறான வாசிப்பு ஒன்று பில்லை மேல் படிக்குத் தள்ளிவிடலாம்.

பிழை இருந்தால் மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் கணக்கு இலக்கத்தோடு எழுத்தில் முறையிட்டு, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு வராவிட்டால் மின்துறையை ஒழுங்குபடுத்தும் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள், அதுவும் நம் உரிமைதான்.