தேசி மரத்துப் புழுவை முட்டையில இருந்து செட்டை வரைக்கும் கீறுறது எப்பிடி

தேசி மரத்தில புழு வந்திட்டுது எண்டு மருந்தடிக்க வெளிக்கிடுற ஆக்கள் ஒரு நாலு கிழமை பொறுங்கோ. அந்தப் புழுதான் பிறகு வண்ணத்துப்பூச்சியா வாறது, அதை வைச்சே வடிவான ஒரு படம் கீறலாம், அதைத்தான் இதில சொல்லப்போறன். நான் இருக்கிறது முல்லைத்தீவில மல்லாவிப் பக்கம், எங்கட வளவில கிணத்தடியோட ரெண்டு தேசி நிக்குது, பக்கத்தில கறிவேப்பிலை, ரெண்டிலையும் இதே புழுதான் வரும்.

இந்த முறை மரியா சிபில்லா மேரியன் எண்ட ஓவியரிட்ட இருந்து வந்தது. 1647இல ஜெர்மனியில ஃபிராங்ஃபர்ட்டில பிறந்தவா, 13 வயசில பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினவா. அந்தக் காலத்தில கனபேர் பூச்சியள் சேத்துக்குள்ள இருந்தும் அழுகின சாமானில இருந்தும் தானா வருது எண்டு நம்பிக்கொண்டிருக்க, இவா புழுவை வீட்டில வளர்த்து, ஒவ்வொரு நாளும் பாத்து, மாறுறதை எல்லாம் எழுதிக் கீறினவா. புழுவைத் தனிய வெள்ளைத் தாளில விடாமல் அது தின்னுற செடியோட சேர்த்து, புழு, கூடு, வண்ணத்துப்பூச்சி எல்லாத்தையும் ஒரே படத்தில வைச்சது இவான்ர பெரிய வேலை. 52 வயசில, 1699இல, இளைய மகள் டொரோத்தியாவையும் கூட்டிக்கொண்டு கப்பலேறித் தென்னமெரிக்காவில இருக்கிற சுரினாமுக்குப் போனவா, ரெண்டு வருசத்தில வருத்தம் வந்து திரும்பவேண்டி வந்தது, 1705இல 60 படத்தோட புத்தகம் வந்தது. அதில ஒரு படம் மயிற்கொன்றை, எங்கட வீட்டுப் படலையடியில சிவப்பும் மஞ்சளுமா பூக்குதே அதேதான். அதுக்குப் பக்கத்தில அவா எழுதி வைச்சது, அங்க அடிமையா இருந்த பெண்கள் தங்கட பிள்ளையளும் அடிமையாப் பிறக்கக்கூடாதெண்டு அந்த மரத்து விதையைத் தின்னு கருவைக் கலைச்சவை எண்டு, அந்தப் பெண்களே தனக்குச் சொன்னவை எண்டு. அதை வாசிச்ச பிறகு எனக்கு மயிற்கொன்றையைச் சும்மா பூ எண்டு பாக்க முடியிறேல்லை.

சரி, வேலைக்கு வருவம். காட்டுக்க போகத் தேவையில்லை, அதுவும் மிதிவெடிப் பலகை நட்டிருக்கிற பக்கம் ஒருக்காலும் கால் வைக்காதேங்கோ, வளவே போதும். பென்சில் எச்பி ஒண்டு, 2எச் ஒண்டு, அழிறப்பர், பள்ளிக்கூடப் பெட்டிக்குள்ள கிடக்கிற டிவைடர், சின்னத் தூரிகை ரெண்டு, வோட்டர் கலர். சித்திரக் கொப்பித் தாள் தண்ணி பட்டா சுருளும், அதால தடிச்ச தாள் வாங்குங்கோ, பிரிஸ்டல் போர்ட்டிலயும் செய்யலாம், ஆனா தண்ணியைக் குறைச்சுப் பாவியுங்கோ.

இளங்குருத்து இலையளைப் பாருங்கோ, குண்டூசித் தலையளவில இளமஞ்சள் உருண்டை ஒண்டு தனியா ஒட்டியிருக்கும். அதுதான் முட்டை. அந்தக் கொப்பை முறிக்காமல் நிண்ட இடத்திலயே முதல்ல கீறுங்கோ. தேசி இலையின்ர காம்பை உத்துப் பாத்தா ரெண்டு கரையிலையும் ஒடுக்கமா ஒரு சின்னச் செட்டை மாதிரி இருக்கும், முள்ளு இலைக்கவட்டுக்குள்ள இருந்து வரும், இந்த ரெண்டையும் விட்டா அது தேசி இல்லை. டிவைடரை இலையில வைச்சு அளந்து அதே அளவைத் தாளில வையுங்கோ, கண்மட்டத்தை நம்பாதேங்கோ. தாளுக்கு நடுவில கொப்பு, முட்டைக்கும் புழுவுக்கும் கூட்டுக்கும் அதில இடம் விட்டு, மேல வண்ணத்துப்பூச்சிக்குப் பெரிசா ஒரு வெறுமை.

முட்டை மூண்டு நாலு நாளில பொரிக்கும். இப்ப கொப்பை வெட்டித் தண்ணிப் போத்தலில நட்டு, போத்தல் வாயைத் துணியால அடைச்சு, நுளம்பு வலைத் துண்டால மூடி வையுங்கோ. புது இலை நாளாந்தம் வேணும், மருந்தடிச்ச மரத்து இலை வேண்டாம், நான் ஒருக்கா அயல் வளவில இருந்து ஆய்ஞ்சு வந்து போட்டு ஒரே இரவில மூண்டு புழு செத்தது.

சின்னப் புழு அச்சொட்டாக் குருவி எச்சம் மாதிரி இருக்கும், மண்ணிறத்தில வெள்ளைத் திட்டோட, குருவியள் திரும்பியும் பாக்காது. அதைக் கீறேக்குள்ள ஒரு பளபளப்பு இருக்கும், அந்த இடத்தில கலர் போடாமல் தாளின்ர வெள்ளையை அப்பிடியே விடுங்கோ. பிறகு தோலுரிச்சு உரிச்சுக் கடைசியில பச்சையா வரும், குறுக்கால மண்ணிறக் கோடுகளோட. டியூப்பில வாற பச்சையை நேர அடிக்காதேங்கோ, மஞ்சளுக்குள்ள கொஞ்சம் நீலம் விட்டு, நுனித் தூரிகையில சிவப்புத் தொட்டுக் கலந்தாத்தான் இலையும் புழுவும் உயிரோட தெரியும். முதல் பூச்சு மெல்லிசா, காய விட்டு அதுக்கு மேல மற்றது, பொறுமையில்லாமல் ஈரத்தில திருப்பித் திருப்பித் தடவினா சேறாகிடும். ஒரு ஈர்க்கால ஒருக்கா, ஒரே ஒருக்கா, புழுவின்ர முதுகைத் தொட்டுப் பாருங்கோ. தலைக்குப் பின்னால செம்மஞ்சள் நிறத்தில ரெண்டாப் பிரிஞ்ச கொம்பு மாதிரி ஒண்டு வெளிய வரும், காட்டமான மணமொண்டு அடிக்கும். உடன உள்ளுக்க போயிடும், அதால பாத்த கையோட பக்கத்துத் தாளில கீறி வையுங்கோ.

கூடு கட்டேக்குள்ள நடுவில ஒரு நூலைப் பட்டி மாதிரிக் கட்டிக்கொண்டு சாய்ஞ்சு நிக்கும். பச்சைக் கொப்பில கட்டினா பச்சையா வாறதுதான் கூட, காய்ஞ்ச தடியில எண்டா மண்ணிறம். எனக்கு முதல் தரம் கூட்டில ஓட்டை விழுந்து ஒரு சின்னக் குளவி வந்தது, மனம் விட்டுப் போச்சு. பிறகுதான் தெரிஞ்சது மேரியனுக்கும் கூட்டுக்குள்ள இருந்து ஈயும் குளவியும் வந்திருக்கெண்டு, அதையும் மறைக்காமல் அவா கீறி வைச்சிருக்கிறா. நானும் அந்தக் குளவியைக் கீறிப்போட்டுத்தான் அடுத்த முட்டை தேடினன்.

வண்ணத்துப்பூச்சி வெளிய வாறது விடியப்புறம்தான் அநேகமா, செட்டை கசங்கின துணி மாதிரித் தொங்கும், ஒண்டு ரெண்டு மணித்தியாலத்தில விரிஞ்சு காயும். அந்த நேரம் அது பறக்காது, கீறிறதுக்கு இதை விட நல்ல நேரம் இல்லை. கறுப்பில இளமஞ்சள் திட்டு, பின் செட்டையின்ர உள் மூலையில ஒரு சிவப்புப் பொட்டு. கறுப்பைத் தனிக் கறுப்பில அடிக்காமல் நீலமும் மண்ணிறமும் கலந்து செய்யுங்கோ. முடிய வலையைத் திறந்து விடுங்கோ.

பேர் எழுத மறக்காதேங்கோ. எலிசபெத் கூல்ட் எண்டு ஒரு அம்மா, 1804இல பிறந்து 1841இல பிள்ளைப் பேறோட செத்தவா, புருசன்ர பறவைப் புத்தகங்களுக்கு 600க்கு மேல படம் செய்து குடுத்தவா, ஆனா கனகாலம் எல்லாரும் சொன்னது புருசன்ர பேரைத்தான். அதால கீழ் மூலையில உங்கட பேர், ஊர், திகதி, எந்த மரம் எண்டு பென்சிலாலயே எழுதுங்கோ, மை மாரிக் குளிருக்கு ஊறிப் படரும். தாளைப் பிளாஸ்டிக் ஃபைலுக்குள்ள போட்டு, கறையான் ஏறாத உயரத்தில வையுங்கோ. ஃபோனில ஒரு படம் எடுத்து வெளியூரில இருக்கிற ஆருக்காவது அனுப்பி விடுங்கோ, எங்கட அம்மா பின்னின பின்னல் மாதிரியள் இருந்த கொப்பி 2009இல இடம்பெயரேக்குள்ள பையோட போயிட்டுது, அதில ஒரு பக்கத்துக்குக் கூட இப்ப என்னட்டப் பிரதி இல்லை.