‘தி மொரீஷியஸ் கமாண்ட்’ நாவலை மாஹேபூர் கரையில் நின்று படிப்பது எப்படி

பேட்ரிக் ஓ’பிரையன் 1977-இல் எழுதிய இந்த நாவல் நம் மொரீஷியஸ் தீவைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கதை. ஆனால் நம்மில் பலர் இதைக் கையில் எடுத்து, நாற்பது பக்கத்துக்குள் கீழே வைத்துவிடுகிறார்கள். கிரேயோலும் பிரெஞ்சும் பேசி வளர்ந்தவர்களுக்குப் பழைய ஆங்கிலமும் கப்பல் சொற்களும் சேர்ந்து வந்தால் தலை சுற்றுவது நியாயம்தான். தொடர் வரிசையில் இது நாலாவது புத்தகம், முந்தைய மூன்றும் படிக்காவிட்டாலும் குடி முழுகாது. ஜாக் ஆப்ரி கப்பல் தலைவன், ஸ்டீபன் மட்டுரின் அவனுடைய நண்பன், மருத்துவன், உளவாளி. இவ்வளவு தெரிந்தால் போதும். முதல் அத்தியாயம் இங்கிலாந்தில் வீட்டுக் கதையாக இழுக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை எங்கேயும் நிற்காமல் ஓடிவிடுங்கள். புரியாத கயிற்றுப் பெயர், பாய்ப் பெயர் வந்தால் தாண்டிப் போங்கள், அகராதியைத் தொடவே வேண்டாம். படிப்பு என்பது இரண்டாவது சுற்றில்தான் ஆரம்பிக்கிறது, அப்போது பக்கத்தில் இருக்க வேண்டியது அகராதி இல்லை, வரைபடம். அதில் முதல் வேலையாகப் பழைய பெயர்களைப் பென்சிலால் எழுதுங்கள். அன்றைக்கு மொரீஷியஸ் ‘இல் தே பிரான்ஸ்’. ரீயூனியன் ‘இல் போனபார்ட்’. போர்ட் லூயிஸ் ‘போர்ட் நெப்போலியன்’ ஆகியிருந்தது, கிராண்ட் போர்ட்டை ‘போர்ட் இம்பீரியால்’ என்று மாற்றியிருந்தார்கள். இதைச் செய்யாமல் படித்தால் நமக்குத் தெரிந்த ஊரிலேயே வழி தவறிப்போவோம்.

அப்புறம் வரைபடத்தின் மேல் ஒரு பெரிய அம்புக்குறி போடுங்கள், தென்கிழக்கிலிருந்து வடமேற்காக. இதுதான் காற்று. என்னைக் கேட்டால் இந்த நாவலின் உண்மையான தளபதி அந்த அம்புக்குறிதான். வருஷத்தில் பெரும்பகுதி, அதிலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், நம் தீவின் மேல் தென்கிழக்குக் காற்று விடாமல் வீசுகிறது. கிராண்ட் போர்ட் விரிகுடா அந்தக் காற்றுக்கு நேர் முகம் காட்டி இருப்பதால், பாய்மரக் கப்பல் உள்ளே வருவது சுலபம், வெளியே போவது பெரும்பாடு. போர்ட் லூயிஸோ காற்று மறைவில் இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் மாஹே தெ லா பூர்தொனே அதைத் தலைநகராக்கியதற்கும் இது ஒரு காரணம். இவ்வளவும் மனதில் இருந்தால் 1810 ஆகஸ்டில் நடந்த கிராண்ட் போர்ட் சண்டை தானாகவே விளங்கிவிடும்.

நடந்தது இது. விரிகுடா வாயிலில் இருக்கும் இல் தே லா பாஸ் என்ற சின்னத் தீவை ஆங்கிலேயர் முதலில் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சுக் கொடியையே பறக்கவிட்டு ஏமாற்றினார்கள். ஆகஸ்ட் 20-ஆம் தேதி பிரெஞ்சுத் தளபதி டுப்பெரேயின் கப்பல்கள் வந்து, குண்டு வாங்கிக்கொண்டே உள்ளே நுழைந்துவிட்டன. 23-ஆம் தேதி சிரியஸ், மாஜிசியென், இஃபிஜீனியா, நெரெயிட் என்ற நான்கு ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் தாக்கப் போயின. பவளத்திட்டுகளுக்கு நடுவே கால்வாய் எப்படி வளைகிறது என்று சரியாகத் தெரிந்த வழிகாட்டி அவர்களிடம் போதவில்லை. சிரியஸும் மாஜிசியெனும் தரைதட்டின. இஃபிஜீனியாவுக்கு முன்னால் ஒரு திட்டு குறுக்கிட்டது. நெரெயிட் மட்டும் கிட்டத்தட்டத் தனியாக அடி வாங்கி, ஆளெல்லாம் விழுந்து, கடைசியில் சரணடைந்தது. தரைதட்டிய இரண்டையும் அவர்களே கொளுத்த வேண்டியதாயிற்று. மிஞ்சிய இஃபிஜீனியாவை எதிர்க்காற்றில் எப்படி வெளியே கொண்டுபோனார்கள் என்று பாருங்கள். படகில் நங்கூரத்தை ஏற்றி, முன்னால் கொண்டுபோய்ப் போட்டு, கயிற்றைப் பிடித்துக் கப்பலை அதன் பக்கம் இழுத்து, மறுபடி நங்கூரத்தை எடுத்து, மறுபடி முன்னால் போட்டு, இப்படியே அங்குலம் அங்குலமாக நகர்ந்து இல் தே லா பாஸ் வரை போய்ச் சேர்ந்தது. அதற்குள் வெளியே வேறு பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து நின்றுவிட்டன, கதை முடிந்தது.

இந்த அத்தியாயத்தை வீட்டில் உட்கார்ந்து படிப்பதைவிட ஒரு ஆகஸ்ட் மாதத்தில் பஸ் பிடித்து, அந்த விரிகுடாவின் கரையில் இருக்கும் மாஹேபூர் போய், கரையில் நின்று படியுங்கள். காற்று முகத்தில் அறையும், எதிரே அந்தச் சின்னத் தீவும் தெரியும். ஊரிலேயே இருக்கும் தேசிய வரலாற்று அருங்காட்சியகக் கட்டடத்தில்தான் காயம்பட்ட இரண்டு தளபதிகளையும், டுப்பெரேயையும் நெரெயிட்டின் தலைவர் வில்லோபியையும், ஒரே கூரையின் கீழ் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். திங்கட்கிழமை போனால் சந்தையும் இருக்கும், காத்தோ பிமா சாப்பிட்டுவிட்டு வரலாம்.

சரி, அடுத்த வேலை, நிஜத்தையும் கற்பனையையும் பிரிப்பது. நோட்டில் ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் நாவலின் ஆட்கள், மறுபக்கம் வரலாற்றின் ஆட்கள். போவடிசியா என்ற கப்பலில் இருந்து படையை நடத்திய நிஜ மனிதர் ஜோசையாஸ் ரோலி, அவர் இடத்தில்தான் ஜாக் ஆப்ரி நிற்கிறான். நெரெயிட்டின் நிஜத் தலைவர் வில்லோபி, நாவலில் அவருக்குப் பதில் கிளான்ஃபர்ட் என்ற கற்பனைப் பிரபு. கார்பெட், பிம், கீட்டிங், ஃபர்குவார் எல்லாம் நிஜப் பெயர்கள். இந்தப் பட்டியல் போடும்போதுதான் ஆசிரியரின் நேர்மை தெரியும். போரிலேயே பெரிய சண்டை கிராண்ட் போர்ட், அங்கே கதாநாயகன் ஜாக் இல்லவே இல்லை, ஏனென்றால் ரோலி அங்கே இல்லை. வேறு ஆளாக இருந்தால் நாயகனை எப்படியாவது நடுவில் நுழைத்துக் கத்தியைச் சுழற்றவிட்டிருப்பார். கிளான்ஃபர்ட் விஷயத்தில் மட்டும் ஏன் பெயரையும் குணத்தையும் மாற்றினார் என்று யோசியுங்கள். பொறாமை, வீண்பெருமை, தாழ்வு மனப்பான்மை இதெல்லாம் ஒரு மனிதனிடம் குவிய வேண்டும் என்றால் நிஜ ஆளை வைத்துக்கொண்டு எழுத முடியாது.

கப்பல் சொற்கள் எல்லாவற்றையும் கற்க வேண்டாம். அணியம் (கப்பலின் முன்பக்கம்) எது, அமரம் (பின்பக்கம்) எது, காற்று வரும் பக்கம் எது, மறைவுப் பக்கம் எது, இந்த நான்கும் பிடிபட்டால் முக்கால்வாசிச் சண்டை புரியும். கப்பலுக்குச் சொல்லும் பீரங்கி எண்ணிக்கையை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், 36 என்றால் பெரும்பாலும் உள்ளே அதைவிட அதிகமாக இருக்கும். கப்பல் மணி அரை மணி நேரத்துக்கு ஒரு தரம் அடிக்கும், எட்டு அடித்தால் காவல் மாறும். அவ்வளவுதான்.

நமக்கு இன்னொரு வசதி இருக்கிறது, பிரெஞ்சு தெரியும். அதனால் அதே சண்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதையும் படியுங்கள். அவர்களுக்கு இது பெருமை, பாரிஸ் வெற்றி வளைவில் கிராண்ட் போர்ட் என்று பொறித்திருக்கிறார்கள். டுப்பெரே முகத்தில் அடிபட்டு விழுந்ததும் இன்னொரு பிரெஞ்சுக் கப்பல் தலைவரான பூவே வந்து பொறுப்பேற்றது அங்கே பெரிய கட்டம்.

மூன்றாவது சுற்று என்று ஒன்று வைத்துக்கொண்டால், நாவலில் யார் பேசவில்லை என்று தேடுங்கள். அன்றைக்குத் தீவில் பெரும்பான்மை அடிமைகள். 1730-களிலிருந்தே புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள், நம் தமிழர்கள், போர்ட் லூயிஸில் கல்லும் மரமும் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். பிடிக்க வந்த படையிலும் சென்னைச் சிப்பாய்கள் இருந்தார்கள். கதை அதிகாரிகளின் மேல்தளத்திலிருந்தே பார்க்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் சிப்பாய் என்ற சொல் வரும் இடத்தையெல்லாம் கோடிட்டு வைத்துப் பாருங்கள், எத்தனை வரி அவர்களுக்குக் கிடைக்கிறது என்று.

கடைசிப் பகுதி வேகமாக ஓடும். 1810 நவம்பர் 29-இல் வடக்குக் கரையில் இறங்கியவர்களுக்கு டிசம்பர் 3-ஆம் தேதியே தீவு கிடைத்துவிட்டதால் எழுதவும் அதிகமில்லை. அந்த இடத்தில் நாவலை மூடிவிட்டு, சரணாகதி ஒப்பந்தத்தைத் தேடிப் படியுங்கள். குடிமக்களின் மதமும் சட்டமும் வழக்கமும் அப்படியே இருக்கும் என்று ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டது அதில்தான். கொடி மாறிய பிறகும் நம் பிள்ளைகள் வீட்டில் ஏன் ஆங்கிலம் பேசுவதில்லை என்பதற்குப் பாதிப் பதில் அங்கே இருக்கிறது.