விவாகரத்து நகல்: சென்னை கோர்ட்டில் நான் செய்த, நீங்கள் செய்யக் கூடாத தவறுகள்

போன வாரம் குடும்ப நல நீதிமன்றத்தில் நகல் மனு (விவாகரத்து உத்தரவின் சான்றிட்ட நகல் கேட்டுப் போடும் மனு) போட வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பையன். குமாஸ்தா வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருக்கலாம். ஃபோனில், "கேஸ் டிஸ்போஸ்டுன்னு காட்டுது மேடம். டைவர்ஸ் ஆயிடுச்சு. காப்பி வாங்குறது மட்டும்தான் பாக்கி" என்று யாரிடமோ உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பேசி முடித்ததும், "அந்தக் கேஸை எனக்குக் காட்டு தம்பி" என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே வார்த்தைகளை 2014இல் நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வக்கீல் குமாஸ்தாவாகப் பாரிமுனையில் 14 வருடம் ஓடிவிட்டது. அடையாள அட்டை இல்லாமல் ஹைகோர்ட் வாசலில் மாட்டிக்கொள்வது, சாப்பாட்டு நேரத்தில் போய் கவுண்டரில் நிற்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு தடவை அலைந்தால் அவை தானாகப் புரிந்துவிடும். எத்தனை அலைந்தாலும் புரியாதவை சில இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்கிறேன்.

‘விவாகரத்துச் சான்றிதழ்’ தேடுவது

கல்யாணத்துக்குச் சான்றிதழ் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வாங்குகிறோம். பிறப்புக்கும் இறப்புக்கும் மாநகராட்சி தருகிறது. விவாகரத்துக்கும் எங்கேயோ ஒரு பதிவேடு இருக்கும் என்று நம்பி மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை வரை போய் வந்தவர்களை எனக்குத் தெரியும். அப்படி ஒரு பதிவேடே கிடையாது. கோர்ட் போட்ட உத்தரவுதான் ஆவணம். நம் ஊர் ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன், அதாவது மூல மனு) வழக்குகளில் அது இரண்டு பகுதியாக வரும். ‘ஃபேர் ஆர்டர்’ என்பதில் வழக்கின் விவரமும் காரணங்களும் இருக்கும். ‘டிக்ரீட்டல் ஆர்டர்’ முடிவை மட்டும் சொல்லும். நகல் மனுவில் இரண்டையும் கேளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு, மற்றொன்றுக்காகத் திரும்ப வந்து வரிசையில் நிற்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

அப்புறம், இந்து திருமணச் சட்டத்தின் 23(4) பிரிவுப்படி, விவாகரத்து கொடுத்த கோர்ட்டே தரப்பினர் இருவருக்கும் ஆளுக்கொரு நகலை இலவசமாகத் தர வேண்டும். அது பல சமயம் பழைய வக்கீல் ஆபீஸின் கேஸ் கட்டுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும். நகல் மனு போடும் முன் அங்கே ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

முஸ்லிம் பெண்களுக்கு ஒரு சொல்: ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் குலாவுக்கு (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்துக்கு) சான்றிதழ் தர முடியாது, குடும்ப நல நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. கையில் அப்படி ஒரு தாள் மட்டும் இருந்தால், அதை நம்பி அடுத்த காரியத்தில் இறங்க வேண்டாம்.

சென்னையில் வாழ்ந்ததால் வழக்கும் சென்னையில்தான் என்று நினைப்பது

கல்யாணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் இருக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி மனு போட்டால் அவர் வசிக்கும் ஊர் என்று எங்கே வேண்டுமானாலும் வழக்குப் போட்டிருக்கலாம். வேளச்சேரியில் குடித்தனம் நடத்தியவர்களின் கட்டு மதுரையில் இருக்கலாம். அம்பத்தூர், மாதவரம், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் பகுதிகள் 2018இல்தான் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தன. அங்கிருந்து போட்ட வழக்கைத் தேடுகிறவர்கள் திருவள்ளூர், பூந்தமல்லி, செங்கல்பட்டு, தாம்பரம் கோர்ட்டுகளையும் பார்த்துவிட வேண்டும். தாளில் எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மூல மனு) என்று இருந்தால் பெரும்பாலும் அது வெளி கோர்ட் வழக்கு.

நான் கட்சிக்காரரிடம் முதலில் கேட்பது வழக்கு எண்ணை அல்ல. "வாய்தாவுக்கு எங்கே போனீங்க? பஸ்ஸை விட்டு எங்கே இறங்கினீங்க?" என்று கேட்பேன். எண் மறந்துபோனவர்களுக்கும் இறங்கிய இடம் மறப்பதில்லை.

ரொம்பப் பழைய வழக்கு என்றால் வேறு கணக்கு. குடும்ப நல நீதிமன்றம் வருவதற்கு முன் இந்து திருமண வழக்குகள் சிட்டி சிவில் கோர்ட்டில் நடந்தன. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் கொடுத்த விவாகரத்தை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டியிருந்தது. 2001இல் திருத்தம் வரும்வரை அதுதான் நிலைமை. அந்தக் காலத்து நகலில் உயர் நீதிமன்ற உத்தரவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே எழுத்துக்கூட்டலில் பெயரைத் தேடுவது

கோர்ட்டுகளின் வழக்கு நிலவரத்தைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடலாம். ஆனால் லட்சுமியை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும். அப்பா இனிஷியலாக இருக்கும், கணவர் இனிஷியலாகவும் இருக்கும். முழுப் பெயரையும் அடித்துவிட்டு ‘வழக்கே இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். இனிஷியலை விட்டுவிட்டு முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் போடுங்கள். இருவரில் யார் பெயர் அபூர்வமோ அதை வைத்துத் தேடுங்கள். கிடைத்ததும் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை பெயரைப் போட்டுத் தேட வேண்டியிருக்காது.

‘டிஸ்போஸ்டு’ என்றால் விவாகரத்து என்று எடுத்துக்கொள்வது

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

2014இல் வியாசர்பாடியிலிருந்து ஒரு அக்கா வந்தார். தனியார் பள்ளியில் டீச்சர். கணவரும் அவரும் மனமொத்துப் பிரிவதற்கு வேறொரு வக்கீல் மூலம் மனு போட்டிருந்தார்கள். இருவரும் கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டாயிற்று. அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து அவருடைய அண்ணன் இன்னொரு வரன் பார்த்து, பெரம்பூரில் மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் கோர்ட் பேப்பர் கேட்டார்கள்.

நான் போய்ப் பதிவைப் பார்த்தேன். ஓ.பி. எண்ணுக்கு நேரே முடிந்த தேதி இருந்தது. தேதியை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்து, "கேஸ் முடிஞ்சிருக்குக்கா. காப்பி பத்து நாள்ல வந்துடும்" என்று ஃபோனில் சொன்னேன். அவர் அண்ணன் அன்றைக்கே பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார்.

நகல் வந்தபோது கையில் வாங்கியதுமே எனக்குத் திக்கென்றது. ஒரே ஒரு தாள். மனமொத்த விவாகரத்து உத்தரவு அப்படி இருக்காது. இருவரின் கல்யாணத் தேதி, பிரிந்து வாழும் காலம், ஜீவனாம்சம், பிள்ளைகள் என்று நாலைந்து பக்கமாவது ஓடும். இதில் இரண்டே வரி. அழைத்தபோது மனுதாரர்கள் இருவரும் ஆஜராகவில்லை, மனு தள்ளுபடி.

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் இருவரும் மனு போட வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு, 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து ‘எங்கள் முடிவில் மாற்றமில்லை’ என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது வருகையை யாரும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை. பழைய வக்கீல் ஆபீஸ் வேறு இடத்துக்கு மாறிவிட்டது. வாய்தா தேதி இவர்களுக்கு வந்து சேரவே இல்லை.

அந்த அக்கா தாளை இரண்டு முறை படித்தார். "அப்போ நான் இன்னும் அவருக்குப் பொண்டாட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கல்யாணம் நடந்திருந்தால் சட்டப்படி செல்லாது. முதல் கணவர் உயிரோடு இருக்க இரண்டாவது திருமணம் செய்வது இந்திய தண்டனைச் சட்டத்தின் 494ஆவது பிரிவில் ஏழு வருடம் வரை தண்டனைக்குரிய குற்றம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆவது பிரிவு. ஒரு தேதியைப் பார்த்துவிட்டு நான் சொன்ன ஒரு வார்த்தை ஒரு பெண்ணை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். துபாயில் இருந்த கணவரைத் தேடிப் பிடித்து, புது மனு போட்டு, மறுபடி ஆறு மாதம் காத்திருந்து வாங்கினார்கள். அந்த வரன் கைவிட்டுப் போயிற்று. மண்டப அட்வான்ஸும் திரும்பி வரவில்லை. காத்திருப்புக் காலத்தைத் தகுந்த வழக்குகளில் கோர்ட் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017இல்தான்.

ஆகவே, டிஸ்போஸ்டு என்றால் ‘இந்தக் கோர்ட்டின் கணக்கில் இந்த வழக்கு முடிந்தது’ என்று மட்டும்தான் அர்த்தம். எப்படி முடிந்தது என்பது வேறு. ஆஜராகாமல் தள்ளுபடி ஆகியிருக்கலாம், மனுதாரரே வேண்டாம் என்று விட்டிருக்கலாம், வேறு கோர்ட்டுக்கு மாற்றியிருக்கலாம். இ-கோர்ட்ஸ் பக்கத்தில் ‘நேச்சர் ஆஃப் டிஸ்போசல்’ (எப்படி முடிந்தது) என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படிக்காமல் யாருக்கும் ஃபோன் செய்யாதீர்கள்.

அதில் ‘அலவ்டு’ (மனு ஏற்கப்பட்டது) என்று இருந்தாலும் போதாது. எந்தப் பிரிவில் போட்ட மனு என்று பாருங்கள். 9ஆவது பிரிவு என்றால் அது சேர்ந்து வாழக் கேட்ட மனு. 10ஆவது பிரிவு என்றால் நீதிமன்றப் பிரிவு. தனித்தனியாக இருக்கலாம், ஆனால் கல்யாணம் உயிரோடுதான் இருக்கிறது. இரண்டுமே ‘அலவ்டு’ என்றுதான் காட்டும். 13 அல்லது 13பி என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

13ஆக இருந்தாலும் மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததா என்று பாருங்கள். இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது, குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது. நீளமானதையே கணக்கில் வையுங்கள். எதிர்த்தரப்பு வராமல் எக்ஸ்பார்ட்டியாக வந்த உத்தரவு என்றால், அதை ரத்து செய்யக் கோரி மனு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

வரிசையில் நின்ற பையனுடைய கேஸில் அந்த வரியைத் திறந்து காட்டினேன். ‘டிஸ்மிஸ்டு ஃபார் டீஃபால்ட்’, அதாவது ஆஜராகாததால் தள்ளுபடி. அவன் நகல் மனுவை மடித்து வைத்துவிட்டு, அந்த மேடத்துக்கே திரும்பக் கூப்பிட்டான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது

வேண்டாம். கோர்ட் விதிகளின்படி நகல் மனுதான் வழி என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது.

மற்றவர் வழக்கின் கட்டைக் கேட்பது

‘மாப்பிள்ளைக்கு முதல் கல்யாணம் முறிந்ததாம், நிஜமா என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று பெண்ணைப் பெற்றவர்கள் வருவார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் வழக்கில் தரப்பினராக இல்லாதவர், ஏன் வேண்டும் என்று அபிடவிட் (பிரமாணப் பத்திரம்) போட்டு கோர்ட்டின் அனுமதி வாங்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 22ஆவது பிரிவு இந்த வழக்குகளை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது. விவரத்தை வெளியிடுவதையும் தடுக்கிறது. அனுமதி சுலபத்தில் கிடைக்காது. நேர் வழி ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளையிடமே சான்றிட்ட நகலைக் கேளுங்கள். ஜெராக்ஸ் வேண்டாம். அதிலுள்ள எண்ணை இ-கோர்ட்ஸில் போட்டு, முடிவும் பிரிவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். நகல் தரத் தயங்குகிறவரிடம் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஸ்டாம்புப் பட்டியலைப் பார்க்காமல் விடுவது

மனு போட்டதும் வேலை முடிந்துவிடாது. எத்தனை பக்கம் என்று கணக்குப் பார்த்து, ஸ்டாம்பு கேட்டுப் பட்டியல் போடுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு அடிபட்டுப்போகும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். நகலின் கடைசிப் பக்கத்தில் மனு போட்ட தேதி, ஸ்டாம்பு கேட்ட தேதி, கட்டிய தேதி, தயாரான தேதி, கொடுத்த தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். மேல்முறையீடு செய்கிறவர்களுக்கு அந்தத் தேதிகள் முக்கியம். நகல் கிடைக்க ஆன நாட்கள் காலக்கெடுவிலிருந்து கழியும். நாம் கட்டாமல் இழுத்தடித்த நாட்கள் கழியாது.

நகலைப் படிக்காமல் பையில் வைப்பது

கவுண்டரை விட்டு நகரும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இருவர் பெயரும் இனிஷியலும், கல்யாணத் தேதி, வழக்கு எண், உத்தரவுத் தேதி, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. எங்களிடம் வந்த ஒரு நகலில் கல்யாண வருடம் 2007 என்பது 2001 என்று இருந்தது. எட்டு வருடம் கழித்து விசாவுக்குக் கொடுத்தபோதுதான் கண்டுபிடித்தார்கள். எழுத்துப் பிழையைச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 152ஆவது பிரிவில் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், உண்மைதான். ஆனால் மனு போட வேண்டும், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். பிரிந்துபோன ஒருவரின் இன்றைய விலாசத்தை எட்டு வருடம் கழித்துத் தேடிப் பாருங்கள், அப்போது அந்த ஐந்து நிமிடத்தின் அருமை தெரியும்.

புரோக்கர்

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு நகல் வாங்குவது

மூன்று கேளுங்கள். ஒன்றை எங்கேயும் கொடுக்காமல் வீட்டில் வையுங்கள்.