போத்தலுக்குள் தோட்டம்: மலையகத்தில் நாம் விடும் தவறுகள்

என் முதல் டெரேரியம், அதாவது கண்ணாடிப் போத்தலுக்குள் வளர்க்கும் சிறு தோட்டம், மூன்று வாரம்தான் தாங்கியது. ஹட்டனில் ஒரு ஜூன் மாதம், பெரிய ஜாம் போத்தலில் பன்னம் ஒன்றும் கொஞ்சம் பாசியும் வைத்து மூடினேன். தினமும் காலையில் அரைக் கோப்பை தண்ணீர் விட்டேன். ஒருநாள் மூடியைத் திறந்தால் சாக்கடை நாற்றம். வேர்கள் கறுத்து, தொட்ட இடத்திலேயே கழன்று வந்தன.

மூடிய போத்தலில் தண்ணீர் வெளியேற வழியில்லை. இலையும் மண்ணும் விடும் நீராவி கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து, துளியாகி மண்ணுக்கே திரும்புகிறது. 1829இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், மூடிய போத்தலுக்குள் பன்னம் தானாக முளைத்ததைக் கண்டுதான் தன் கண்ணாடிப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கினார். பின்னர் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை ராபர்ட் ஃபோர்ச்சூன் இந்தியாவுக்கு அனுப்பியதும் அத்தகைய பெட்டிகளில்தான். மாதக்கணக்கான கப்பல் பயணத்தையே தாங்கிய முறைக்கு, தினமும் நீர் ஊற்ற வேண்டிய தேவை எங்கே இருக்கிறது?

நடும்போது மண்ணைக் கையில் பிழிந்து பாருங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. அந்த ஈரம் பல வாரங்களுக்குப் போதும். காலையில் கண்ணாடியில் பனி படிந்து, மத்தியானத்துக்குள் தெளிந்தால் எல்லாம் சரி. நாள் முழுக்க மங்கியே இருந்தால் ஈரம் கூடிவிட்டது. மூடியைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வெளிக்காற்றே நனைந்துதான் கிடக்கும், திறந்து வைத்தாலும் காயாது. உலர்ந்த துணியால் உட்புறக் கண்ணாடியைத் துடைத்து எடுங்கள், அந்த ஈரமாவது வெளியே போகும். அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் வறண்ட காற்று வீசும். அங்கே திறந்த போத்தலை மறந்துவிட்டால் பாசி கருகிப்போகும்.

அடியில் போடும் சல்லிக்கல்லையும் பலர் தவறாக நம்புகிறார்கள். போத்தலில் ஓட்டை இல்லாதபோது அது வடிகால் ஆகாது. மிச்சத் தண்ணீர் தங்கும் இடம், அவ்வளவுதான். சல்லிக்கு இடையில் தண்ணீர் தேங்கி நிற்பது கண்ணில் பட்டால், பஞ்சைக் குச்சியில் சுற்றி உறிஞ்சி எடுங்கள்.

தேயிலை மலை மண்ணை அள்ளி வந்து நிரப்புவது அடுத்த தவறு. அது உரம் கண்ட மண். உரம் செடியைச் சீக்கிரம் வளர்த்து, போத்தலை இரண்டே மாதத்தில் நெருக்கிவிடும். கழுவிய தும்புத்தூளுடன் (தேங்காய் நார்த் தூள்) கொஞ்சம் மணலும் இலைமக்கும் கலந்தால் போதும். கரி சேர்ப்பதானால் அடுப்புக் கரியைச் சாம்பல் போகக் கழுவியே சேர்க்க வேண்டும். சாம்பல் காரத்தன்மை உள்ளது, பன்னத்துக்கும் பாசிக்கும் ஒத்துவராது.

ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். நுவரெலியாக் குளிரில் அந்தச் சின்ன வெயில் என்ன செய்யும் என்று தோன்றும். மூடிய கண்ணாடிக்குள் வெப்பம் சிக்கிக்கொண்டு இலைகள் வெந்துவிடும். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம்.

கள்ளியை மூடிய போத்தலில் வைக்காதீர்கள், அழுகிவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியிலோ ஹக்கல காட்டிலோ பாசியைப் பெயர்த்துக்கொண்டு வரக்கூடாது. இரண்டுமே பாதுகாக்கப்பட்ட காடுகள், எடுப்பது சட்டப்படி குற்றம். அந்தப் பாசிதான் மூடுபனியைப் பிடித்து நம் ஓடைகளுக்குத் தருகிறது. நம் வீட்டுப் பின்சுவரிலும் பீலிக்கரைக் கல்லிலும் இல்லாத பாசியா? அங்கிருந்து உள்ளங்கை அளவு எடுத்து, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். நத்தைக் குஞ்சும் பூச்சியும் மேலே வந்துவிடும். அவற்றை அகற்றிவிட்டு, பிழிந்து நடுங்கள்.