அடிக்கு அரைக்கால் அங்குலம்: மரப் போர்க்கப்பல் மாதிரி செய்யும் முறை

கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் தச்சு வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரே கப்பலைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறேன். அதன் பெயர் டிரிங்கோமலி, அதாவது திருகோணமலை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது என்பதால் முதலில் அந்தப் பெயர்தான் என்னை இழுத்தது. பிறகு மரம் இழுத்தது. 1817 அக்டோபரில் பம்பாயில் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டி இறக்கிய இந்தப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் முழுக்க மலபார்த் தேக்கு. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய்ப்பசை ஆணியைக் காக்கும். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அந்தக் கப்பல் இன்றும் தண்ணீரில் நிற்கிறது.

அளவுக்கு ஓர் அடிக்கு அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு, என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரங்கித் தளத்தின் நீளம் ஏறத்தாழ 150 அடி; உங்கள் மேசையில் அது 18¾ அங்குலம். அகலம் 40 அடி, உங்களுக்கு 5 அங்குலம்.

வரைபடம் இல்லாமல் ரம்பத்தைத் தொடாதீர்கள். டிரிங்கோமலிக்கே அந்தச் சோதனை வந்தது. பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்ட வரைபடம் 1812 டிசம்பரில் அமெரிக்கரோடு நடந்த சண்டையில் ஜாவா என்ற கப்பலோடு போனது. மறுபடி அனுப்பித்தான் வேலை தொடங்கியது. 1782-இல் பிரெஞ்சுக்காரரிடம் பிடித்த எபே கப்பலைப் பார்த்து வரைந்த வடிவம் அது. வரைபடத்தில் குறுக்கு வெட்டுப் படத்தைக் கவனமாகப் பாருங்கள். பக்கங்கள் மேலே போகப் போக உள்நோக்கிச் சாய்கின்றன. பீரங்கி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 டன். அந்தப் பாரம் நடுவை நோக்கி வந்தால்தான் கப்பல் நிலையாக நிற்கும். இந்தச் சாய்வை விட்டுவிட்டால் நீங்கள் செய்வது சரக்குத் தோணியாகிவிடும்.

எராவையும் வங்குகளையும் 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அறுக்கலாம். எரா என்பது அடிமரம், வங்கு என்பது விலா. அணியம் கப்பலின் முன்முனை, அமரம் பின்முனை. வங்குகளை எராவில் செங்குத்தாக ஒட்டிய பின், அணியத்திலும் அமரத்திலும் அவற்றின் விளிம்புகளை உப்புத்தாளால் சரிவாகத் தேயுங்கள். மெல்லிய பட்டை ஒன்றை வங்குகளின் மேல் கிடத்திப் பாருங்கள். எல்லா வங்கிலும் முழு விளிம்போடு படிய வேண்டும். எங்காவது பட்டை தூக்கினால் அந்த இடத்தில் நாளை பள்ளம் தெரியும். இந்த வேலைக்கு நான் மூன்று நாள் எடுத்துக்கொள்கிறேன்.

பலகைக்குச் சில்வர் ஓக் போதும். தேயிலைக்கு நிழல் தந்து ஓய்ந்த மரம். மரம் அறுக்கும் மில்லில் கழிவுத் துண்டாகவே கிடைக்கும். கால் அங்குல அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பட்டைகளாக அறுத்து இழையுங்கள். ஆனால் ஜூன், ஜூலையில் அறுத்த பட்டையை உடனே ஒட்டாதீர்கள். எங்கள் ஊர் மழையில் மரம் ஈரத்தைக் குடித்துப் பருத்திருக்கும். என் இரண்டாவது கப்பலை ஆடி மாதத்தில் ஒட்டி முடித்தேன். தை மாதப் பனிக்காற்றில் பட்டைகள் சுருங்கி, நகம் நுழையும் அளவு இடைவெளி விட்டது. அன்றிலிருந்து அடுப்படிப் பரணில் இரண்டு மாதம் காயாத பட்டையை நான் தொடுவதில்லை.

இனி கணக்கு. நடு வங்கின் ஒரு பக்கத்தை நூலால் அளந்து பாருங்கள். 5½ அங்குலம் வந்தால் கால் அங்குலப் பட்டை 22 வேண்டும். அணியத்து முதல் வங்கில் 3½ அங்குலம்தான் இருக்கும். அதே 22 பட்டையும் அங்கே அடங்க வேண்டும். ஆகவே 6 மில்லிமீட்டர்ப் பட்டையை முனையில் 4 மில்லிமீட்டராகச் சீவ வேண்டும். பாதிக்கும் கீழே ஒருபோதும் சீவாதீர்கள். கூர்ந்த முனை பசையைப் பிடிக்காது. அப்படி வரும் இடத்தில் இரண்டு பட்டைகளை ஒன்றில் முடித்துவிடுங்கள். அமரத்தில் இதற்கு எதிர்மாறாக இடைவெளி விழும். ஆப்பு வடிவத் துண்டால் அடையுங்கள்.

பட்டையை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, கெட்டில் மூக்கின் ஆவியில் காட்டிக்கொண்டே விரலால் வளையுங்கள். பெரிய கப்பல் தச்சர்கள் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி காட்டினார்கள். உங்கள் பட்டைக்கு ஐந்து நிமிடம் போதும். நரம்பு இழுபட்டுச் 'சிரக்' என்று ஓசை கேட்டால் கையை எடுத்து, மறுபடி ஆவியில் பிடியுங்கள். வளைந்ததைத் துணி கிளிப்பால் வங்கோடு கவ்வி ஓர் இரவு காயவிட்டுப் பிறகே ஃபெவிகால் போடுங்கள். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் எரா முறுக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்தக் கைவித்தையும் அதை நேராக்காது.

பீரங்கிச் சாளரங்கள் ஒரு பக்கத்துக்கு 14. அவற்றை அளவுகோல் வைத்து நேர்கோட்டில் வெட்டாதீர்கள். தளம் நடுவில் தாழ்ந்து இரு முனையிலும் உயரும். சாளர வரிசையும் அந்த வளைவைப் பின்பற்ற வேண்டும்.

கடைசியாக, இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு மேல்தளம் மூடாத கூட்டுக்குள் டார்ச் விளக்கை வையுங்கள். ஒளி கசியும் ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் புள்ளி வைத்து, அதே சில்வர் ஓக்கின் மரத்தூளைப் பசையில் குழைத்து அடையுங்கள். போன மாதம் முடித்த கூட்டில் ஒன்பது புள்ளிகள் இருந்தன, ஏழு அமரத்தில்.